மேலிருந்து இறங்கும் எண்ணெய்

எண்ணெய் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை மூன்றாவது முறையாகத் துடைத்து, இன்ஜினுக்குள் விட்டு எடுத்துப் பார்த்தான் அறிவுச்செல்வன். எண்ணெய் மேல் கோட்டில் நின்றது. நேற்றும் அங்கேதான் நின்றது. முந்தாநாளும் அங்கேதான்.

லாரிக்கு அடியில் வைத்திருந்த அலுமினிய அன்னக்கூடை பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. நேற்றுக் காலையில் அவனே காலி செய்து வைத்தது. மூன்று லிட்டராவது இருக்கும். அத்தனையும் இன்ஜினிலிருந்து ஒழுகியிருந்தால் டிப் ஸ்டிக்கின் நுனிகூட நனைந்திருக்கக் கூடாது. வெளியே வந்தது வந்துகொண்டே இருந்தது. உள்ளே இருந்தது அப்படியே இருந்தது.

குனிந்து எண்ணெய்க்குள் விரலை விட்டான். சூடாக இருந்தது. இன்ஜின் ஓடி நின்றதும் இருக்கிற சூடு இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவரின் கையைத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு. வண்டியை ஸ்டார்ட் செய்து நாலு நாள் ஆகியிருந்தது.

"மேஸ்திரி, இங்க கொஞ்சம் வாங்க."

பலராமன் லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்தார். திருவண்ணாமலையில், திண்டிவனம் ரோட்டில் இந்தத் தகரக் கொட்டகையில் இருபத்தெட்டு வருஷமாக லாரி வேலை பார்க்கிறவர். வயிறு முன்னால் வரும், பேச்சு அதற்கும் முன்னால் வரும்.

"இன்னா இன்ஜினியரே, உங்க வண்டி இன்னிக்கும் அழுவுதா?"

"ஆயில் குறையல. பாருங்க."

"குறையலன்னா நல்லதுதானே. ஊத்த வேணாம் இல்ல? ஊர்ல எவனுக்குக் கெடைக்கும் இந்த மாதிரி வண்டி?"

"தொட்டுப் பாருங்க. சூடா இருக்குது."

பலராமன் ஒரு விரலை விட்டார். உடனே எடுத்து லுங்கியில் துடைத்தார். துடைத்த பிறகும் மறுபடி துடைத்தார்.

"தகரக் கூரைப்பா. காலையிலேர்ந்து காயுது. இங்க அடுப்பே வேணாம், அரிசிய வெச்சா வெந்துடும்." அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மேஸ்திரி, ரெண்டு தரம் இன்ஜினை இறக்கிட்டோம். பின்னால இருக்கற சீல நீங்களே மாத்துனீங்க."

"என் கையால மாத்துனேன். புது சீலு. அதுல ஒழுவாது. ஒழுவுனா இந்தக் கடைய இழுத்து மூடிட்டுப் போயிடறேன்."

"அப்ப வேற எங்கேர்ந்தோ வருது."

"வருது."

"இப்ப சீல்ல இல்லன்னா, அன்னிக்கும் சீல்ல இருந்திருக்காது. அப்படித்தானே?"

பலராமன் லுங்கியை அவிழ்த்து மறுபடி கட்டினார். இந்தக் கேள்வியை மூன்று மாதமாக அவன் வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மனைவி மதிவதனி சாவதற்கு ஒரு வாரம் முன்பு, இன்ஜினின் பின்பக்கத்தில் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் சீலை அறிவுச்செல்வன் தானே மாற்றினான். மெக்கானிக்கல் படித்தவன், போனில் வீடியோ பார்த்தான், இதற்கு எதற்கு பலராமன் என்று நினைத்தான். அவளை ஏற்றிக்கொண்டு போன காலையில் எண்ணெய் ஒழுகித்தான் வண்டி வழியில் நின்றது. அவன் போட்ட சீலில் ஒழுகியதா, வேறு இடத்திலா? பிறகு இன்ஜின் வெந்து, சீலும் கருகிப்போனதில் யாராலும் சொல்ல முடியவில்லை. அவனுக்கு அது தெரிய வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

"அத்தத் தெரிஞ்சிக்கினு இன்னாபா பண்ணப் போற?" என்றார் பலராமன். குரலில் கிண்டல் இல்லை.

"தெரியணும்."

பலராமன் தலையைச் சொறிந்தார். வெளியே ரோட்டில் பேருந்துகள் வரிசையாக நின்றன. பௌர்ணமி கிரிவலம் என்பதால் ஊருக்குள் பஸ்ஸை விடாமல், கொட்டகைக்கு எதிர்ப் பொட்டலில் தற்காலிக நிலையம் போட்டிருந்தார்கள். கண்டக்டர்கள் விழுப்புரம், விழுப்புரம் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். மலைக்குப் போகிற கூட்டம் பையும் தண்ணீர் பாட்டிலுமாகச் சாலையை அடைத்துக்கொண்டு நகர்ந்தது.

"சரி, ஒண்ணு பண்ணு. இன்ஜின் மொத்தத்தையும் டீசல் ஊத்திக் கழுவு. ஒரு பொட்டு ஈரம் இல்லாம தொட. அப்புறம் மூஞ்சிக்குப் போடற பவுடர எடுத்து எல்லா எடத்துலயும் ஊது. பத்து நிமிஷம் வண்டிய ஓட விடு. எண்ணெ வந்த வழி பவுடர்ல கோடு மாதிரி தெரியும். அந்தக் கோட்டப் புடிச்சிக்கினே மேல போ. எண்ணெ கீழதான் எறங்கும், மேல ஏறாது. ஈரம் எங்க ஆரம்பிக்குதோ அதான் ஓட்டை."

"நீங்க இருங்களேன்."

"அய்யோ சாமி. வீட்டுக்காரி கஸ்தூரி, மலை சுத்தணும்னு விடிஞ்சதுலேர்ந்து நிக்கறா. அவள விட்டுட்டு உன் வண்டியோட குடும்பம் நடத்துனா வீட்ல..." நிறுத்திக்கொண்டார். அடுப்பில் கை வைத்தவர் போல முகம் சுருங்கியது. "நாளைக்கு வரேன்பா. ஷட்டர பாதி எறக்கிட்டுப் போறேன். இல்லன்னா ஜனம் உள்ள பூந்து ஒண்ணுக்கு ஒக்காந்துடும்."

ஷட்டர் இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. கொட்டகைக்குள் மாலை நாலரை மணியின் வெளிச்சம் தரையோடு மட்டும் நின்றது.

அவன் கழுவினான். பிரஷ்ஷை டீசலில் முக்கி, இன்ஜினின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒவ்வொரு போல்ட்டின் கழுத்திலும் தேய்த்தான். கருப்பு வழிந்து, பழுப்பு வழிந்து, கடைசியில் டீசல் டீசலாகவே வழிந்தது. கந்தல் துணியால் துடைத்தான். துணி சுத்தமாக வரும்வரை துடைத்தான். வேலை செய்யும்போது அவனுக்கு எதுவும் தோன்றுவதில்லை. அதற்காகத்தான் மூன்று மாதமாகத் தினமும் இங்கே வருகிறான் என்பது பலராமனுக்கும் தெரியும்.

பவுடர் டப்பா லாரியிலேயே இருந்தது, ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெட்டிக்குள். வீட்டில் மதிவதனியின் பொருள் எதுவும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் அம்மா ஆதிலட்சுமி புடவை, சீப்பு, செருப்பு, பாதி தீர்ந்த கண்மை வரைக்கும் மூட்டை கட்டி எடுத்துப் போய்விட்டாள். அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வண்டிக்குள் இருந்த டப்பாவை யாரும் நினைக்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

டிரைவர் பக்கமாக ஏறிக் கையை நீட்டி எடுத்தான். இடதுபக்கம் கிளீனர் சீட்டைப் பார்க்கவில்லை. பார்ப்பதில்லை என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது.

பவுடரைக் கையில் கொட்டி ஊதினான். இன்ஜினின் பக்கவாட்டில், அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பில், பின்னால் கியர்பாக்ஸ் சேருகிற வாயில், எல்லாவற்றின் மேலும் வெள்ளை படிந்தது. டீசல் வாடையோடு அந்த மணம் கலந்தபோது அவன் கை ஒரு நொடி நின்றது. டீசலும் பவுடரும். அன்று காலையில் கேபினுக்குள் இருந்த வாசனை இதுதான். வயிற்று வலியிலும் அவள் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டுதான் வந்தாள், டாக்டர் முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று.

டப்பா காலியானது.

வண்டியை ஸ்டார்ட் செய்தான். கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. பத்து நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு நிறுத்தினான். சத்தம் அடங்கியதும் வெளியே கண்டக்டர்களின் குரல் மறுபடி கேட்டது. எங்கோ ஒலிபெருக்கியில் அரோகரா. அவன் இறங்கி, அட்டையை விரித்து, போன் டார்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு லாரிக்கு அடியில் நுழைந்தான்.

முதலில் சீலைப் பார்த்தான். சீல் கண்ணுக்குத் தெரியாது, உள்ளே இருக்கும். ஆனால் அது ஒழுகினால் கீழே உள்ள சின்னத் துளை வழியாகத்தான் எண்ணெய் வர வேண்டும். அந்தத் துளையைச் சுற்றிப் பவுடர் வெள்ளையாக இருந்தது. விரலை வைத்தான். மாவு மாதிரி ஒட்டியது. துளி ஈரம் இல்லை.

சம்ப்பைச் சுற்றி விரலை ஓட்டினான். காய்ந்திருந்தது. பக்கவாட்டில் தடவினான். அங்கும் காய்ந்திருந்தது.

டார்ச்சை வாயிலிருந்து எடுத்து நெஞ்சின்மேல் வைத்தான். மூச்சு ஏறி ஏறி இறங்கியது. "சீல்ல இல்ல," என்றான். தலைக்கு மேலிருந்த இரும்பைப் பார்த்துச் சொன்னான். "மதி, சீல்ல இல்ல. நான் போட்டதுல இல்ல." மூன்று மாதத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். கண்ணிலிருந்து வழிந்தது இரண்டு காதுக்குள்ளும் போயிற்று. துடைத்துக்கொள்ளவில்லை.

அவன் கழுத்துக் குழியில் ஒரு சொட்டு விழுந்தது.

சூடாக.

டார்ச்சைத் திருப்பினான். கியர்பாக்ஸின் கீழ்விளிம்பில் அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது. அதற்கு மேலே, பவுடர் பூசிய இரும்பில், ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கோடு. நனைந்த, மினுமினுப்பான கோடு. இரண்டு பக்கமும் வெள்ளை கலையாமல் இருந்தது. பலராமன் சொன்னபடி அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போனான். கியர்பாக்ஸைத் தாண்டியது. இன்ஜினின் பின்சுவரை ஒட்டி ஏறியது. எண்ணெய்க் குழாய் இருக்கும் இடத்தைத் தொடாமல் விலகிப் போனது. இன்ஜினில் எண்ணெய் இருக்கிற கடைசி பாகத்தையும் தாண்டியது. அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

இன்னும் மேலே ஏறியது.

இடதுபக்கமாக ஏறி, கேபினின் தரைத்தகட்டைத் தொட்டு, ஒயர் போவதற்காக வெட்டிய ரூபாய் நாணயம் அளவு ஓட்டைக்குள் நுழைந்தது. ஓட்டையின் விளிம்பு நனைந்து பளபளத்தது. ஈரம் ஆரம்பிக்கிற இடம் அதற்கும் மேலே.

அதற்கும் மேலே எண்ணெய் ஓடுகிற எதுவும் இல்லை. அங்கே இருப்பது கிளீனர் சீட்.

அவன் அசையாமல் படுத்திருந்தான். இன்ஜின் ஆறும்போது இரும்பு சுருங்கி டிக் டிக் என்று சத்தம் போடும். போட்டது. அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். நின்றது. ரோட்டில் யாரோ சிரித்தார்கள், ஒரு குழந்தை வாத்து பொம்மையை அமுக்கிக்கொண்டே போனது, பஸ் ஒன்று பின்னால் வருவதற்கு விசில் கொடுத்தார்கள். எல்லாம் இருபதடி தூரத்தில்.

தலைக்கு மேலே தகரத்தில் தட்டும் சத்தம் கேட்டது.

மூன்று தட்டு. மெதுவாக. விரல் முட்டியால் தட்டுவது போல.

"இதோ," என்றது அவன் வாய்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே தெரிந்தது. உடம்பு முழுக்க ரோமம் நின்றது. ஏனென்றால் அன்றும் இதைத்தான் சொன்னான்.

வைகாசிப் புழுக்கத்தில் அவள் தரையில் படுத்திருந்தாள். விடிகாலை நாலு மணிக்கு வயிறு வலிக்கிறது என்று எழுந்தாள், இரண்டு முறை வாந்தி எடுத்தாள். உடம்பில் காயம் இல்லை, கடித்த தடம் இல்லை. கீழ்பென்னாத்தூரில் அவர்கள் தெருவில் அந்த நேரத்தில் வேறு வண்டியும் இல்லை. அவன் எப்படியும் மணிலாக்கொட்டை மூட்டையோடு திருவண்ணாமலைக்குப் போகிறவன்தான். "வண்டியிலயே வா, காட்டிட்டு வந்துடலாம், கேஸ் டிரபிளா இருக்கும்" என்றான். அவள் கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பழைய லாரியில் இன்ஜின் கேபினுக்குள்ளேயே இருக்கும், இரண்டு சீட்டுக்கும் நடுவில், தகர மூடி போட்டு. அந்த மூடிமேல் கையை வைத்துக்கொண்டாள். "கண்ணு சொருகுதுங்க," என்றாள். "தூங்கு. போனதும் எழுப்பறேன்," என்றான்.

ஏரிக்கரையில் போகும்போது, எண்ணெய் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. நிறுத்தினான். அடியில் எண்ணெய் நூலாக ஒழுகியது. அடைத்துவிட்டு, கேனில் இருக்கிற எண்ணெயை ஊற்றினால் ஊர் போய்ச் சேரலாம். "அஞ்சே நிமிஷம் மதி," என்று சொல்லிவிட்டு அடியில் படுத்தான். மேலிருந்து மூன்று தட்டு வந்தது; "இதோ," என்றான். பால் கேன் கட்டிய பைக் ஒன்று நின்றது. "இன்னா சார், ஏதாவது ஒதவி வேணுமா?" "ஒண்ணுமில்லண்ணா, அஞ்சு நிமிஷத்துல ஆயிடும்," என்றான். பைக் போய்விட்டது. அவன் துடைத்தான், முறுக்கினான், மறுபடி துடைத்தான். கொஞ்ச நேரம் கழித்து மேலே இரண்டு தட்டு. வரேன்னு சொன்னேன்ல என்றான், எரிச்சலாக. பிறகு ஒன்று. அதற்கு அவன் பதிலே சொல்லவில்லை. நாற்பது நிமிஷம்.

எழுந்து வந்தபோது அவள் மூடிமேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. பள்ளம் மேடு பார்த்து, குலுங்காமல் ஓட்டிக்கொண்டு போனான்.

கட்டுவிரியன், என்றார் டாக்டர். கடித்தது வலிக்காது. கண் சொருகும். நாக்கு குழறும். கை கால் விழும். கடைசியில் மூச்சு. நினைவு மட்டும் கடைசிவரைக்கும் இருக்கும். அவன் கேட்காமலேயே டாக்டர் சொன்னார், உயிர் போய் அரைமணி ஆயிடுச்சு.

இப்போது தகரத்தில் இரண்டு தட்டு.

அவன் போனைப் போட்டான். அட்டை வழுக்கியது. முழங்கையை ஊன்றி வெளியே வந்தான். நெற்றி எதிலோ இடித்தது. ரத்தமா எண்ணெயா, பார்க்கவில்லை. எழுந்தான். ஷட்டருக்கு அடியில் ரோட்டின் வெளிச்சமும் நடக்கிற கால்களும் தெரிந்தன. அங்கே போகலாம். குனிந்தால் போதும். அத்தனை ஜனம் இருந்தது.

இடதுபக்கம் ஓடினான்.

மூன்று மாதமாகத் தொடாத கதவு. கைப்பிடி சூடாக இருந்தது. இழுத்தான்.

"வந்துட்டேன் மதி. வந்துட்டேன்."

கேபின் காலி.

சீட்டில் பள்ளம் இருந்தது. ஆள் எழுந்து போன பள்ளம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது மெல்ல உப்பி மேலே வரவில்லை. அப்படியே இருந்தது. நடுமூடியின் மேல் பவுடர் படிந்திருந்தது. அவன் அங்கே பவுடர் ஊதவில்லை. வெள்ளையில் விரல் முட்டியின் தடங்கள். மூன்று. தள்ளி இரண்டு.

ஒன்று இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று நினைத்தான். இந்த முறை நேரத்தோடு வந்துவிட்டோம் என்று நினைத்தான். அந்த நினைப்பில் அவனுக்கு அழுகை முட்டியது. பயத்தைவிட அது பெரிதாக இருந்தது. ஏறினான். அவள் உட்கார்ந்த இடத்தில், அந்தப் பள்ளத்தில், உட்கார்ந்தான். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நாற்பது நிமிஷம் அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று. அவனுக்கு வேறு எப்படித் தெரியும்?

ரெக்சின் கதகதப்பாக இருந்தது. பள்ளம் அவனுக்குச் சரியாக இருந்தது.

கண்ணாடிக்கு வெளியே எதிர்ச்சுவர் இருக்க வேண்டும். இருட்டாக இருந்தது. இருட்டுக்குள் தண்ணீர் மாதிரி ஏதோ மினுங்கியது. ஏரியோ? இல்லை, கொட்டகை. கண்டக்டர்களின் குரலைத் தேடினான். அது இருந்த இடத்தில் தவளைச் சத்தம் இருந்தது.

கதவு மூடியிருந்தது. அவன் மூடவில்லை.

கண் சொருகியது.

திறந்தான். மறுபடி சொருகியது. இமை இரண்டும் யாரோ விரலால் அழுத்துவது போல இறங்கின. தூக்கம் இல்லை இது. உள்ளே பளிச்சென்று விழித்துக்கொண்டிருந்தான். இறங்க வேண்டும். கையைக் கதவுக்குக் கொண்டுபோனான். கை போகவில்லை. மடியிலிருந்து சரிந்து நடுமூடியின் மேல் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது.

மதி என்று கூப்பிட்டான். நாக்கு பல்லைத் தாண்டவில்லை.

கீழே ஸ்பேனர் விழுந்த சத்தம் கேட்டது.

யாரோ அடியில் படுத்திருந்தார்கள். முதுகு அட்டையில் உரசியது. இருமினார்கள். போல்ட்டை முறுக்கும்போது மூச்சைப் பிடித்து விடுகிற சத்தம். அந்த மூச்சை அவனுக்குத் தெரியும். ஒரு மனிதனுக்குத் தன் மூச்சு தெரியாதா.

ஒரு விரல் மட்டும் அசைந்தது. முட்டியால் தகரத்தில் தட்டினான்.

மூன்று.

"இதோ மதி. அஞ்சே நிமிஷம்."

அவன் குரல். கவலையே இல்லாத குரல். வேலையில் மூழ்கியிருக்கிறவனின் குரல்.

வா என்று கத்தினான். வெளியே வா. விட்டுத்தொலை அதை. அந்தப் பால்காரனை நிறுத்து. அவன் பைக் சத்தம் கேட்கிறதே. நிறுத்து, நிறுத்து. தொண்டைக்குள் எல்லாம் நின்றது. வெளியே பைக் நின்று, ஏதோ பேச்சுக் கேட்டு, கிளம்பிப் போனது.

எச்சிலை விழுங்க முடியவில்லை. வாயில் நிரம்பி, உதட்டோரம் வழிந்தது. சூடாக. தாடையில் இறங்கி, கழுத்தில் இறங்கி, ரெக்சினில் விழுந்து, தரைக்கு ஓடியது. வெளியே போனது போனபடி இருக்க, உள்ளே அது குறையவே இல்லை. காலடியில் நாணயம் அளவு ஓட்டை. அதன் வழியாகக் கீழிருந்து வெளிச்சம். அவன் தலை முன்னால் தொங்கியபோது இமையின் கடைசி இடுக்கு அந்த ஓட்டைக்கு நேராக நின்றது.

ஒரு சொட்டு உள்ளே இறங்கியது.

"எங்கேர்ந்துதான் வருது இது," என்றது கீழே குரல்.

இரண்டு தட்டினான்.

"வரேன்னு சொன்னேன்ல."

மூச்சு பாதி வந்தது. பிறகு கால்வாசி. அவள் இதையெல்லாம் கேட்டாள். இப்படியே கேட்டாள். விழித்துக்கொண்டு.

விரலை ஒருமுறை உயர்த்தினான். எவ்வளவு நேரம் ஆனது தெரியவில்லை. அது தானாக விழுந்தது.

ஒன்று.

பதில் இல்லை.

ஓட்டைக்குக் கீழே, வெளிச்சத்தில், கறுத்த கையொன்று கந்தல் துணியோடு மேலே வந்தது. அந்தக் கையின் மேல் முகம் இருக்கும், முகத்தில் கண் இருக்கும், ஒரே ஒருமுறை மேலே பார்த்தால் போதும். கை ஓட்டையின் விளிம்பைச் சுற்றிக் கவனமாகத் துடைத்தது. நல்ல வேலைக்காரனின் கை. துடைத்துவிட்டு இறங்கியது.

சொட்டு விழுந்தது. கை வந்தது. துடைத்தது. போனது.

சொட்டு விழுந்தது. கை வந்தது.